மழைக்குத் தூக்கிய பூனை

கம்மூன் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலி, அதுவும் பாதி சாய்ந்த வேலி. அவர் பல் தேய்ப்பது, தனியாகப் பேசிக்கொள்வது எல்லாம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்றாலும் தெரியும். ஒட்டரிசிச் சோற்றை ஓர் உருண்டை பிடித்து, புளித்த மீன் சாந்தில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டே பீர்க்கம் பந்தலுக்குப் போவார். மென்று முடிப்பதற்குள் நாலு கொடியை இழுத்துக் கட்டிவிட்டு அடுத்த உருண்டைக்குத் திரும்பி வருவார்.

"ஏண்ணே, உக்காந்துதான் திங்கறது? சோறு ஓடியா போயிரும்?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன்.

"என் பங்கு உக்கார்றதை எல்லாம் பாங்காக்லயே உக்காந்து முடிச்சுட்டேன் லம்துவான்" என்பார்.

அது பொய்யில்லை. இருபத்திரண்டு வருஷம் அங்கே டாக்ஸி ஓட்டினார். இடுப்பு போனபிறகு ஊருக்கு வந்தார். மனைவி வரவில்லை, அங்கேயே வேறொருத்தரோடு தங்கிவிட்டாள். அதைப்பற்றி அவர் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். ஊர்தான் பேசும். வந்த மறுநாளே வீட்டுக்குப் பின்னால் குளக்கரைவரை கிடந்த புதரை வெட்டத் தொடங்கியவர், ஒன்பது வருஷமாக மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

தோட்டமா அது! காராமணி முழ நீளத்துக்குத் தொங்கும். பச்சைக் கத்தரிக்காய், வெள்ளரி, ஊசிமிளகாய், சதகுப்பைக் கீரை, பப்பாளி என்று இல்லாதது இல்லை. ஒரு ஆள் எவ்வளவு தின்ன முடியும்? புதன்கிழமை மதியம் வட்டாரச் சந்தைக்கு இரண்டு கூடை கொண்டுபோவார். மிச்சத்தை விடியற்காலையில் வீடு வீடாகப் போய்க் கதவில் மாட்டிவிட்டு வருவார். ஊரில் அவர் வெள்ளரிக்காய் தொங்காத கதவு கிடையாது. நான் வீட்டு வாசலில் பப்பாளிக்காயைச் சீவி, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து உரலில் இடித்து விற்கிறவள். என் உரலில் விழுகிற காய் முக்கால்வாசி அவர் தோட்டத்துக் காய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டுவிட்டு, "உப்பிட்டவரை நினைக்காதவள்" என்று நீங்களாகத் திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிட்டதாக இருக்கட்டும்.

மாசி மாதக் கடைசியில், காலியான உரச்சாக்கு ஒன்றுக்குள்ளிருந்து ஒரு பூனைக்குட்டி வெளியே வந்தது. சாம்பல் நிறம், மழைமேகத்தின் நிறம். உள்ளங்கையில் அடங்கும். பெட்டை. உரச்சாக்கில் பிறந்ததால் உரம் என்றே பெயர் வைத்தார். எங்கள் பேச்சில் அது புய்.

புய் வந்தபிறகு தோட்டத்தில் ஒரு பாத்தி ஒழுங்காக இருந்ததில்லை. அவர் நாற்று நட்டுவிட்டு நகர்ந்தால் அது பின்னாலேயே வந்து தோண்டும். காராமணிப் பந்தலில் ஏறிப் பிஞ்சுகளைக் காலால் அடித்து ஆட்டும். கொடி கட்ட வைத்திருக்கும் வாழைநார் என்றால் அதற்குப் பைத்தியம். எவ்வளவு இறுக்கி முடிச்சுப் போட்டாலும் மல்லாந்து படுத்து, நாலு காலாலும் பிடித்துக் கடித்து அவிழ்த்துவிடும். காலையில் கட்டிய கொடியெல்லாம் மதியம் தரையில் கிடக்கும்.

"அடி பாதகத்தி! நான் முன்னாடி கட்டுறேன், நீ பின்னாடி அவுக்குறியா? உன்னைச் சந்தையில வித்துட்டு வாத்து வாங்கப்போறேன் பாரு!" என்று கத்துவார். கத்தியபடியே அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார்.

பிறகு ஒருநாள் அந்த அதிசயம் நடந்தது. பின்வாசல் படியில் கம்மூன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அண்ணே! உடம்புக்கு என்ன?"

"உஷ்! மடியில தூங்குது. அந்த அரிவாளைக் கொஞ்சம் எடுத்துக் குடு, எந்திரிக்க முடியல."

அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. மதியம் ஒரு மணிக்கு பூனை அவர் மடியில் ஏறும். அவர் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். லம்துவான், தண்ணி குடு. லம்துவான், அடுப்பை அணை. லம்துவான், அந்தக் கோழியை விரட்டு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேலி தாண்டுவேன். மனைவியாலும் மருத்துவராலும் உட்காரவைக்க முடியாத மனிதரை ஒரு சாண் பூனை உட்காரவைத்துவிட்டதே என்று உள்ளுக்குள் சிரிப்பும் வரும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆனியில் இரண்டு நல்ல மழை பெய்து ஆசை காட்டியது, எல்லோரும் நட்டோம். பிறகு ஐந்து வாரம் ஒரு சொட்டு இல்லை. என் வயலில் ஒவ்வொரு வெடிப்பிலும் கை நுழைந்தது. நாற்று மஞ்சளாகி, நுனி சுருண்டு நின்றது. என் புருஷன் போனபிறகு அந்த வயலும் உரலும்தான் எனக்கு. குளத்தடியில் சேறாகக் கிடந்த கொஞ்சம் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து கம்மூன் அண்ணன் தோட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். வயலை அப்படிக் காப்பாற்ற முடியுமா?

ஊர்த்தலைவர் பிரயூன் ஒருநாள் காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: வரும் புதன் மாலை நாலு மணிக்குப் பூனை ஊர்வலம், வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும், மத்தளம் வைத்திருப்பவர்கள் மத்தளத்தோடு வரவேண்டும். கூடையில் வைத்துத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஊற்றும்போது பூனை கத்தினால் மழை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அது பெட்டையாக இருக்கவேண்டும், மேக நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. ஊர் முழுக்கத் தேடினால் மேக நிறப் பெட்டை ஒன்றே ஒன்று. தலைவர் கம்மூன் அண்ணன் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"முடியாது" என்றார் கம்மூன் அண்ணன். அன்றைக்கும் மடியில் பூனை.

"ஊருக்காகய்யா. நாலு தெரு சுத்திக் கொண்டுவந்து குடுத்துருவோம். பூப்போல வெச்சிருப்போம்."

"ஆளாளுக்குக் குவளையில தண்ணி மோந்து மூஞ்சில அடிப்பீங்க. மத்தளத்தைக் காதுல போட்டுத் தட்டுவீங்க. பூப்போலவா? உங்க வயலுக்கு மழை வேணும்னா நீங்க கூடைக்குள்ள ஏறி உக்காந்து கத்துங்க தலைவரே. உங்க குரலுக்கு வானமே இடிஞ்சு விழும்."

தலைவர் முகம் சிவந்து போய்விட்டார். "பக்கத்து ஊர்ல எல்லாம் துணிப்பொம்மையைத் தூக்குறாங்களாம், நாமளும் அப்படியே செஞ்சுக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். துணிப்பொம்மை எங்கே கத்தும்?

எனக்கு அன்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஒரு பூனைக்கு இவ்வளவு வீம்பா? ஒன்றரை மணி நேரம், நாலு குவளைத் தண்ணீர், செத்தா போய்விடும்? என் நாற்று சாகிறதே, அது இவர் கண்ணுக்குத் தெரியவில்லையா? இப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அது முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்லமுடியவில்லை. ஆனால் செய்தது திருட்டு.

புதன் மதியம் இரண்டு மணிக்கு அவர் சந்தைக்குப் போனார். இரண்டேகாலுக்கு நான் வேலி தாண்டினேன். சுட்ட மீன் ஒரு துண்டு காட்டினேன், ஓடி வந்தது. வேறு யாரிடமும் வராது அது, என்னிடம் வரும். யாருடையது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பழைய மூடிக்கூடையில் போட்டேன். அப்போதுதான் அதற்கு விளங்கியது. முழங்கை வரைக்கும் கிழித்துவிட்டது. அவசரத்தில் அங்கே கிடந்த வாழைநாரையே எடுத்து மூடியைக் கட்டினேன். மேலே ஒரு துணியைப் போட்டு, ஊர் மண்டபத்துப் பின்வாசலில் வைத்துவிட்டு, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் ஏழு மணிக்குத் திரும்புவதற்குள் பூனை படியில் இருக்கும் என்பது என் கணக்கு.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலத்திலும் கலந்துகொண்டேன். கம்மூன் மனசு மாறிப் பூனையைக் கொடுத்தனுப்பிவிட்டான் என்று ஊர் அவரை வாயார வாழ்த்தியது. ஆண்கள் பாவாடை கட்டி, முகத்தில் மாவு பூசி ஆடினார்கள். மத்தளம் முழங்கியது. கூடை போன இடமெல்லாம் குவளைத் தண்ணீர் பறந்தது. உள்ளே அது கத்தியது. நானும் ஒரு குவளை ஊற்றினேன், ஊற்றாமல் நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று.

மூன்றாவது தெருவில் மூடி திறந்துகொண்டது. வாழைநார்! தினமும் அது கடித்து அவிழ்க்கிற அதே வாழைநார். வேறு எந்தக் கயிற்றால் கட்டியிருந்தாலும் நின்றிருக்கும். நனைந்து எலிபோல ஒல்லியாகிவிட்ட அந்த உருவம் ஒருவர் தலைமேல் ஏறி, ஓட்டுக்குத் தாவி, மாமரத்துக்குத் தாவி, போயே போய்விட்டது.

ஏழு மணிக்கு மழை கொட்டியது. சும்மா இல்லை, வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஊரே தெருவில் இறங்கி ஆடியது. அந்தக் கூத்துக்கு நடுவில் கம்மூன் அண்ணன் காலிக் கூடைகளோடு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நேரே தலைவரிடம் போய்ச் சட்டையைப் பிடித்தார்.

"சத்தியமா நான் எடுக்கலய்யா! பின்வாசல்ல கூடை இருந்துச்சு. நீதான் வெச்சேன்னு நெனச்சோம்."

"அப்ப யாரு வெச்சது?"

யாருக்கும் தெரியவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகம் வந்ததும், "நான் காலையில இருந்தே பாக்கலண்ணே" என்றேன். அவர் என்னைக் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறான் என்று சொல்வார்கள். இவர் பூனையைத் தொலைத்துவிட்டு அலைந்தார். விடிந்தால் சுட்ட மீனைக் கையில் வைத்துக்கொண்டு வடக்கே போவார், மதியம் தெற்கே. புய், புய் என்று வயல்வெளியெல்லாம் அவர் குரல். மதியம் ஒரு மணிக்கு மட்டும் எங்கிருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுவார். பின்வாசல் படிவரை போவார், உட்காரமாட்டார், திரும்பிப் போவார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் உரலை இடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வயலில் தண்ணீர் கணுக்கால் உயரம் நின்றது. அதைப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வேலிவரை போனேன். மூன்று தடவையும் வேறு எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

"இந்தப் புழுக்கத்துல எதுக்கு முழுக்கைச் சட்டை?" என்று ஒருநாள் கேட்டார்.

"கொசுண்ணே" என்றேன். திருடனைத் தேள் கொட்டினால் அவன் எங்கே கத்துவது?

தோட்டம் அதுபாட்டுக்குக் காய்த்தது. பறிக்க ஆள் இல்லை. வெள்ளரிக்காய் பழுத்து மஞ்சளாகி உருண்டது. காராமணி முற்றி விதை புடைத்தது. ஊரில் எந்தக் கதவிலும் எதுவும் தொங்கவில்லை. பத்தாம் நாள் பொறுக்கமுடியாமல் நானே இறங்கிப் பறித்தேன். இரண்டு சாக்கு நிரம்பியது.

மறுநாள் மதியம் ஒரு மணிவாக்கில் என் கடைக்குச் சாப்பிட வந்த ஒரு பெண், பக்கத்துத் தோன்யாங் ஊர்க்காரி, பப்பாளியை மென்றுகொண்டே சொன்னாள்: "எங்க ஊருக்கு இன்னும் சொட்டு மழை இல்லக்கா. ஆனா இனிமே கவலை இல்ல. உங்க ஊருக்கு மழை கொண்டாந்த பூனை எங்க எல்லையில மாட்டிக்கிச்சு. புடிச்சு வெச்சிருக்கோம். இன்னைக்கு ரெண்டு மணிக்கு ஊர்வலம்."

உலக்கையைப் போட்டுவிட்டு வேலி தாண்டி ஓடினேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் கம்மூன் அண்ணன், "வண்டியை எடு" என்றார். என் மூன்று சக்கர வண்டியில் அந்த இரண்டு சாக்குக் காயையும் ஏற்றினார். அவற்றைக் கொடுத்துப் பூனையைக் கேட்கப்போகிறாராம். கால்மணி நேரப் பாதையில் நாலு தடவை எழுந்து நின்றார்.

"உக்காருண்ணே, கவுத்துரப் போற!"

"நீ வேகமாப் போ!"

தோன்யாங் கோயில் மரத்தடியில் ஊரே கூடியிருந்தது. நடுவில் ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் கூடை, கூடைக்குள்ளிருந்து அந்தக் குரல். கம்மூன் அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். ஊர்வலத்தை நடத்துகிற தோங்மா என்ற அம்மாள் குறுக்கே வந்து நின்றார். அறுபது வயசு, கட்டையான உடம்பு, இடுப்பில் கை.

"அது என் பூனைம்மா."

"உன் பேரு எழுதியா இருக்கு? எங்க ஊருக்கு அதுவாத்தான் வந்துச்சு."

"ரெண்டு சாக்குக் காய் கொண்டாந்திருக்கேன். எடுத்துக்குங்க. பூனையைக் குடுங்க."

"வெள்ளரிக்காயைத் திங்கறதுக்கு நாங்க உசிரோட இருக்கணுமேய்யா. அங்க பாரு."

மரத்துக்கு அந்தப் பக்கம் வயல். அவர் போய்ப் பார்த்தார். வரப்பில் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைத் தடவிப் பார்த்தார். நொறுங்கிக் கையோடு வந்தது. எங்கள் ஊரில் பெய்த மழை ஆறு கிலோமீட்டர் தள்ளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அந்த நாற்றை மறுபடி வரப்பிலேயே வைத்தார். தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன், வண்டியைத் திருப்பிக்கூட வைத்திருந்தேன்.

திரும்பி வந்து, "சரி, நடத்துங்க. ஆனா அது தனியாப் போகாது" என்றார்.

தள்ளுவண்டியில் ஏறினார். கூடையைத் திறந்து பூனையை எடுத்துச் சட்டைக்குள் விட்டு, பொத்தானைப் போட்டு, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சம்மணம் கட்டி உட்கார்ந்தார். "ம், ஊத்துங்க. எனக்கு ஊத்துங்க."

தோங்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு கூட்டம் கொல்லென்று சிரித்தது, மத்தளம் தொடங்கியது. தள்ளுவண்டியை யார் தள்ளுவது என்று பார்த்தார்கள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம். வாசல் வாசலாகத் தண்ணீர் வந்து விழுந்தது. குவளையில் வந்தது, வாளியில் வந்தது, குழாயிலும் வந்தது. எனக்கும் பாதி. சட்டைக்குள் அது அவர் மார்பைப் பிறாண்டியது. "ஐயோ அம்மா!" என்று அவர் அலறினார். அதற்கும் கூட்டம் ஆரவாரம் செய்தது. "பூனையை விட இவரு நல்லாக் கத்துறாரு!" என்று பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். அவ்வளவுக்கும் அந்த மனிதர் அசையவில்லை. உட்கார்ந்த இடத்தில், தலையைக் கவிழ்த்து, பூனைக்குமேல் கூரை மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னால் தள்ளிக்கொண்டு போன எனக்கு, நனைந்த அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. முகமெல்லாம் தண்ணீர், யாருக்கும் தெரியவில்லை.

மழை அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாலாம் நாள் ஓரளவு பெய்தது என்று கேள்வி. ஊர்வலம் முடிந்த கையோடு தோங்மா பூனையைக் கொடுத்தனுப்பினார். காய் இரண்டு சாக்கையும் எடுத்துக்கொண்டார், அது வேறு விஷயம். வரும் வழியில் நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, ஒரு விஷயம்..."

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார்.

அதற்கப்புறம் நானும் தொடங்கவில்லை. புய் ஒரு வாரம் என் சுட்ட மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மறந்துவிட்டது. பூனைக்கு என்ன, மறந்துவிடும். கதவுகளில் மறுபடியும் வெள்ளரிக்காய் தொங்கியது. என் கதவில் மற்றவர்களுக்கு இருப்பதைவிட ஒன்று கூடவே தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் அரித்தது. தெரியாமல்தானே தருகிறார், தெரிந்தால் தருவாரா?

போன வாரம், மதியம் ஒரு மணி. அவர் படியில், பூனை அவர் மடியில். முற்றத்தில் மூன்று முறம் நிறைய ஊசிமிளகாய் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு மாதத்துப் பாடு. திடீரென்று மேற்கே கறுத்து, பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்தது.

"லம்துவான்!" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டார். "மொளகா நனையுது, ஓடியா!"

நான் வேலி தாண்டி ஓடினேன். ஓடுகிற வேகத்தில் ஒரு காலித் தகரத்தை உதைத்துவிட்டேன், அது உருண்டு சத்தம் போட்டது. மடியில் பூனை காதை நிமிர்த்தியது.

"மெதுவாடி!" என்றார், அதன் தலையைத் தடவிக்கொண்டே. "அன்னைக்கு இதைத் தூக்க வந்தப்போ எவ்வளவு நைசா வந்திருப்ப? அதே மாதிரி வா."

நான் முறத்தைக் கையில் எடுத்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"நிக்காத, நனையுது பாரு" என்றார். "உள்ள ரெண்டு முறத்துக்குத்தான் இடம் இருக்கு. மூணாவதை நீ உன் வீட்டுக்குக் கொண்டுபோயிரு."